அறுபதுக்கு மேல் நோவு

தன் புருஷனுக்கு வேறொருத்தியோடு கல்யாணமாகி மூன்று பிள்ளைகளும் இருக்கிற விஷயத்தை அமலோற்பவம் ஒரு புதன்கிழமை காலை, டீ ஆறிப்போவதற்குள் படித்து முடித்தாள். படிக்கும்போது அது தன் புருஷன் என்று அவளுக்குத் தெரியாது. தாளில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். 'ஆண், வயது 46, எண் 612.' நல்ல வீடு, நிறைந்த குடும்பம், கொடுத்து வைத்த மனுஷன் என்று நினைத்தபடி ஒப்புதல் கையெழுத்துப் போடப் போனவள், வழக்கத்துக்காக இடப்பக்கத்தையும் ஒரு தடவை பார்த்தாள். 'தொழில்: அரசுப் படகு ஓட்டுதல். பிறப்பு: சின்னக்கொடி. இடது மோதிர விரல் இல்லை.' அந்த நாட்டிலேயே மோதிர விரல் இல்லாத படகோட்டி ஒருவன்தான். அன்று காலை அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் அவள் வேலைக்கு வந்திருந்தாள்.

அந்த நாட்டுக்கு முக்கொடி என்று பெயர். பெரியகொடி, தென்கொடி, சின்னக்கொடி என்று நடுக்கடலில் மூன்று தீவுகள். பதினேழு வருடத்துக்கு முன் சின்னக்கொடியைக் கடல் கொண்டுபோய்விட்டது. நாட்டின் பெயரை மாற்ற மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை. இரண்டை வைத்துக்கொண்டு மூன்று என்று சொல்லித் திரிகிற ஒரே நாடு நம்முடையதுதான் என்று தீவுக்காரர்களே கேலி பேசுவார்கள். மிஞ்சியிருந்த வயதுவந்தவர்கள் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பேர். கிணறெல்லாம் உப்பு. கல்லறைத் தோட்டத்தை இரண்டு தடவை மேட்டுக்கு மாற்றியாயிற்று, இனி மாற்ற மேடு இல்லை.

அளப்பதற்கென்று பெருங்கடல் பேரவையிலிருந்து இளவழகன் என்கிற அதிகாரி வந்து இறங்கியபோது, மீன் அளக்க வந்தவர் என்றுதான் முதலில் நினைத்தார்கள். அவர் கோவில் மண்டபத்தில் எல்லோரையும் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்.

"கடல் எத்தனை அங்குலம் ஏறியிருக்கு, வெயில் எத்தனை டிகிரி கூடியிருக்கு, அதெல்லாம் எங்களுக்குத் தெரியும். அது உங்களை எவ்வளவு பாதிச்சிருக்குன்னுதான் தெரியணும். அதே ஒரு டிகிரி ஒரு பெரிய நாட்டுல உறைக்கக்கூட உறைக்காது. இங்க வாழ்க்கையையே திருப்பிப் போட்டிருக்கும். அதைத்தான் உணர்திறன்னு சொல்றோம். அதை அளக்க ரெண்டு தீவு வேணும். ஒண்ணு நீங்க இருக்கற தீவு. இன்னொண்ணு, கடல் ஏறாமலே இருந்திருந்தா எப்படி இருந்திருக்குமோ அந்தத் தீவு. அதை எங்க எந்திரம் கட்டிக் காட்டும். ஞானஸ்நானப் பதிவேடு, பள்ளிக்கூட வருகைப் பதிவு, மீன் ஏலச் சீட்டு, பழைய கடிதம், எது இருந்தாலும் கொடுங்க."

"அந்தத் தீவுல நாங்களும் இருப்பமா?" என்று பின்வரிசையிலிருந்து கேட்டது பிலோமி. பதிவு அலுவலகத்தில் அமலோற்பவத்துக்கு, ஊர்வாயில் அமலிக்கு, பத்து வருடமாகப் பக்கத்து நாற்காலி.

"எல்லாரும் இருப்பீங்க. ஆளுக்கு ஒரு தாள். இடப்பக்கம் இப்ப இருக்கற வாழ்க்கை. வலப்பக்கம் இருந்திருக்கக்கூடிய வாழ்க்கை. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் நூத்துக்கு எத்தனைன்னு அடியில வரும். எல்லாருடைய எண்ணுக்கும் சராசரிதான் உங்க நாட்டோட எண். அது அறுபதைத் தாண்டினா பெருநிலத்துல மேட்டுப் பூமி. ஒரே ஊரா, உங்க கொடியோட, உங்க கோவிலோட போய்க் குடியேறலாம். தாண்டலைன்னா..." இளவழகன் கண்ணாடியைத் துடைத்தார். "எந்த நாடு யாரைச் சேர்த்துக்குதோ அவங்க அங்க போகணும். ஆளுக்கொரு திசைதான்."

உணர்திறன் என்ற வார்த்தை தீவில் ஒருவர் வாயிலும் ஒட்டவில்லை. நோவு என்று வைத்துக்கொண்டார்கள். நோவு எண். உன் நோவு எத்தனை வரும், என் நோவு எத்தனை வரும் என்று மீன் ஏலக் கூடத்தில் பந்தயம்கூட நடந்தது.

தாள்களைச் சரிபார்க்கும் வழியையும் அவர்களே வகுத்தார்கள். முக்கொடியில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லவும் என்று. அதே மாதிரி இந்தத் தாள்களையும் வாசித்துவிடுவோம், பொய் இருந்தால் வெளியே வந்துவிடும் என்றார்கள். நாற்பது வாசிப்பாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள், அமலியும் பிலோமியும் அதில் உண்டு. அவர்கள் முதலில் தாளைப் படிக்க வேண்டும். பொருந்துகிறது என்றால் கையெழுத்து. பொருந்தவில்லை என்றால் காரணம் எழுதித் தடை. தடை விழுந்த தாள் வாசிக்கப்படாது, அதன் எண் பூஜ்யமாகிவிடும். எழுதியவர் பெயர் வெளியே வராது. ஞாயிற்றுக்கிழமை தொடங்கி எல்லாவற்றையும் கோவில் முற்றத்தில் எண் சொல்லி வாசித்துவிடுவது என்று ஏற்பாடு. எண் சொன்னால் ஆள் யாரென்று தெரியாதாம்! முழங்கால் வலியை வைத்தே ஆளைச் சொல்லிவிடுகிற ஊர் அது.

சொந்தக்காரர் தாள் வாசிப்பாளர் கைக்குப் போகக்கூடாது என்று விதி இருந்தது. பிரித்துக் கொடுத்தது எந்திரம். அது உறவு பார்த்தது உண்மைதான், ஆனால் தான் கட்டிய தீவின் உறவைப் பார்த்தது. அங்கே சந்தியாகு அமலிக்குப் புருஷன் இல்லை, யாரோ ஒருவன்.

அமலி தாளை மறுபடி படித்தாள். 'திருமணம்: வயது 30, சின்னக்கொடிக் கோவில். மனைவி: எண் 1127. பிள்ளைகள்: ஆண் 15, பெண் 12, ஆண் 7. சொந்தப் படகு இரண்டு. சாயங்காலங்களில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவான். பாடுவான்.' அடியில், நோவு 88.

பாடுவானாம். பதினைந்து வருடத்தில் குளிக்கும்போதுகூட அந்த மனுஷன் முனகிக் கேட்டதில்லை. பிள்ளை இல்லை என்று ஆன பிறகு இரண்டு பேருமே அந்தப் பேச்சை எடுப்பதில்லை, எடுக்காமல் இருப்பதை நல்ல குணம் என்று அவள் நினைத்து வந்திருந்தாள்.

எழுந்து போய் பெயர்ப் பதிவேட்டைப் புரட்டினாள். 1127. மிக்கேல் பர்னாந்து மகள் பிலோமினா.

பக்கத்து நாற்காலி.

அமலிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. பத்து வருடம். சோற்றுத் தூக்கை மாற்றி மாற்றிச் சாப்பிட்ட பத்து வருடம். 'உன் வீட்டுக்காரருக்குப் புளி கூடுனா ஆவாதுல்லா' என்று பிலோமி ஒரு தடவை சொன்னது, அப்போது சாதாரணமாகக் கேட்டது, இப்போது அப்படிக் கேட்கவில்லை. அவருக்கு எது ஆகும், எது ஆகாது என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு காரியமும் செய்தாள். தன் தாளைத் தேடி எடுத்தாள். அந்தத் தீவில் இருக்கும் அமலியாவது ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள் என்று ஒரு நப்பாசை. அந்த அமலி பெரியகொடிப் பள்ளியின் தலைமை ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நல்ல தண்ணீர்க் கிணற்றோடு வீடு. தினமும் நன்றாகத் தூங்குகிறாள். சந்தியாகு என்ற பெயரே அவள் தாளில் இல்லை. தன்னைத் தானே அறைய வேண்டும் போலிருந்தது அமலிக்கு. எந்தப் பக்கம் பார்த்தாலும் எல்லோரும் சௌக்கியமாக இருந்தார்கள், இவளைத் தவிர.

மத்தியானம் இளவழகனிடம் போய், பொதுவாகக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"சார், மெசின் தப்பாச் சொல்லுமா?"

"சின்னச் சின்னதுல சொல்லும். கிளி வளர்த்தாங்கன்னு சொல்லும், நாய் வளர்த்திருப்பாங்க. பெரிய விஷயங்கள்ல அவ்வளவா தப்பாது."

"கல்யாணம் பெரிசா, சின்னதா?"

அவர் சிரித்தார். "அது உங்களுக்குத்தான் தெரியும் மேடம். ஆனா ஒண்ணு, முறை எல்லாம் அதுக்குத் தெரியாது. யாருக்கு யார் மாமன் மகள், யார் தங்கச்சின்னு உங்க ஊர்ல தலை சுத்துது. அதுக்காகத்தான் உங்களை வாசிக்கச் சொல்றோம்."

வழி கிடைத்துவிட்டது. அமலி மேசைக்கு வந்து 612-ம் தாளில் எழுதினாள். 'பொருந்தாது. குறிப்பிட்ட இருவரும் அண்ணன் தங்கை முறை. திருமணம் நடந்திருக்க வாய்ப்பில்லை.' பச்சைப் பொய். எழுதி முடித்ததும் நெஞ்சு லேசானது. ஆயிரத்து எண்ணூறு தாளில் ஒரு தாள், அதனால் நாடு ஒன்றும் முழுகிவிடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

பிலோமியின் தாளிலும் அதே கதைதானே இருக்கும், அதற்கும் ஒரு தடை போட்டால்தான் காரியம் முடியும் என்று இரும்பு அலமாரியைத் திறந்தாள். அது என்றைக்குமே பூட்டாத அலமாரி. 1127 கிடைத்தது. அதில் ஏற்கெனவே தடை இருந்தது. 'அண்ணன் தங்கை முறை. நடந்திருக்காது.' கையெழுத்து பத்து வருடமாகப் பக்கத்தில் பார்த்த கையெழுத்து. தேதி, பதினாறு நாளைக்கு முந்தியது.

பிலோமி படகுத்துறைப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அமலி போய் எதிரில் நின்றாள்.

"பதினாறு நாளா உனக்குத் தெரியும்."

எதைப் பற்றி என்று பிலோமி கேட்கவில்லை.

"அலமாரியில என் தாள எடுத்துப் பாத்தேன். ஒன் காதுல விழுந்துரக் கூடாதுன்னுதான் தடை போட்டேன் அமலி. அவிய தாளு யார் கையில இருக்குன்னு தேடிப் பாத்தேன், கெடைக்கல."

"அவியளா? கட்டுன புருசனச் சொல்ற மாதிரி அவியங்கிற?"

"ஏட்டி, கத்தாத. ஆளு பாக்குது."

"பாக்கட்டும். பதினாறு நாளு எங்கூட உக்காந்து என் சோத்தத் தின்னிருக்க. ஒரு வார்த்தை சொன்னியா? ரெண்டு பேருக்கும் முன்னாடியே ஏதும் இருந்துச்சா? உண்மையச் சொல்லு."

"பேச்சு நடந்துச்சு. எங்கப்பா வாக்குக் குடுக்க இருந்தாவ. அந்த மாசந்தான் கடல் வந்துட்டு. அவியள ஏத்துன படகு இங்க வந்துச்சு, எங்கள ஏத்துன படகு தென்கொடிக்குப் போயிட்டு. ரெண்டு வருசம் முகாம்ல கெடந்தோம். நான் இங்க வந்து சேந்தப்ப ஒங்களுக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சு. அம்புட்டுதான். ஒரு கடுதாசிகூடக் கெடையாது."

"அவரு எங்கிட்டச் சொல்லவேயில்ல."

"நடக்காத கல்யாணத்தை என்னன்னு சொல்லுவாவ?"

அமலி அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். முடியவில்லை.

"தாள முழுசாப் படிச்சியா?"

"ஒரு தடவ பாத்தேன்."

"பொய்."

பிலோமி தூக்கை மூடினாள். அவளுடைய கண்ணில் நீர் ஒன்றும் வரவில்லை, குரல்தான் இறங்கிவிட்டது. "எனக்கு அது மனப்பாடம் அமலி. சின்னவனுக்கு மாங்கா ஒத்துக்காதாம். தின்னா ஒடம்பு தடிச்சிருமாம்."

அமலி திரும்பி நடந்தாள். கடல் ஏறியதால்தான் சந்தியாகு அவளுக்குக் கிடைத்தான் என்பது இத்தனை நாள் அவளுக்குத் தோன்றியதில்லை. நிவாரண முகாமில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தபோது பார்த்தான், பிடித்தது, கட்டிக்கொண்டான் என்றுதான் கதை. இப்போது அந்தக் கதையில் அவள், இன்னொருத்தி இடத்தில் உட்கார்ந்தவளாக ஆகிவிட்டாள். பிலோமி மேல் வந்த கோபம் அதனால் குறையவில்லை, இன்னும் கூடத்தான் செய்தது.

ஞாயிறு வந்தது. பூசை முடிந்து எல்லோரும் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். வாசிப்பாளர்கள் நாற்பது பேரும் முன்வரிசையில். சந்தியாகு அவித்த கடலைப் பொட்டலத்தோடு ஆண்கள் பக்கம் பின்னால் இருந்தான். வாசிப்பு தொடங்குவதற்கு முன் இளவழகன் ஒலிபெருக்கியைப் பிடித்தார். முகம் சரியில்லை.

"தடை எதுவும் இல்லாம எந்திரம் சொன்ன எண் அறுபத்திரண்டு புள்ளி நாலு. நல்ல எண். ஆனா எண்பத்து மூணு தாளுக்குத் தடை வந்திருக்கு. எல்லாமே பெரிய எண் உள்ள தாள்கள். அதெல்லாம் பூஜ்யமானதுல, உங்க நாட்டோட எண் ஐம்பத்தெட்டு புள்ளி ஆறு."

எண்பத்து மூன்று! அமலி ஓரக்கண்ணால் முன்வரிசையைப் பார்த்தாள். கோவில் உபதேசியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பழைய கூட்டாளி அந்தத் தீவில் கப்பல் தலைவனாம் என்று பின்னால் தெரிந்தது. மருத்துவச்சி செபஸ்தியாளின் சக்களத்திக்கு அங்கே தனி வீடாம். ஐஸ் கம்பெனி லாசரின் பக்கத்து வீட்டுக்காரன் மகன் அங்கே உயிரோடு இருந்தான், லாசரின் மகன் அங்கேயும் இல்லை. நாற்பது பேரும், நான் ஒருத்தன் செய்தால் என்ன ஆகிவிடும் என்றுதான் செய்திருந்தார்கள். அந்தத் தீவில் யார் நன்றாக இருந்தார்களோ அவர்களையெல்லாம் பார்த்துப் பார்த்து அழித்திருந்தார்கள்.

"இன்னைக்கு மதியம் ரெண்டு மணி வரைக்கும் தடையைத் திரும்ப வாங்கலாம்," என்றார் இளவழகன். "முப்பத்தோரு தாளாவது திரும்பணும். ஆனா பேரவை விதிப்படி, தடை போட்டவங்களே எழுந்து நின்னு, அந்தத் தாளை முழுசா வாசிச்சு, தன் தடை பொய்னு சொல்லணும்."

பத்து நிமிடம் போயிற்று. கால் மணி போயிற்று. ஒரு குழந்தை அழுதது. ஐம்பத்தெட்டு என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். இந்த முற்றத்தில் இருப்பவர்கள் இனி ஒரே முற்றத்தில் உட்கார மாட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆளில்லாத ஊர்களில் போய் ஒண்டிக்கொள்வார்கள். ஆனாலும் முன்வரிசையில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை.

அமலி பிலோமியைப் பார்த்தாள். பிலோமி தலையை மெல்ல ஆட்டி வேண்டாம் என்றாள். அந்தத் தலையாட்டல்தான் அமலிக்குப் பொறுக்கவில்லை. இவள் யார் எனக்குத் தயவு காட்ட? எழுந்துவிட்டாள்.

"தாள் எண் அறுநூத்திப் பன்னெண்டு," என்றாள். ஒலிபெருக்கியில் தன் குரல் யாருடையதோ போலக் கேட்டது. "அண்ணன் தங்கை மொறைன்னு நான் எழுதுனது பொய். அவிய ரெண்டு பேரும் கட்டிக்கிற மொறைதான்."

வாசித்தாள். வயது முப்பது, சின்னக்கொடிக் கோவில். மனைவி எண் 1127. ஆண் பதினைந்து, பெண் பன்னிரண்டு, ஆண் ஏழு. படகு இரண்டு. சாயங்கால நீச்சல். பாடுவான் என்பதையும் விடாமல் வாசித்தாள். யாருடைய தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மட்டும் பார்க்கவில்லை.

உட்காருவதற்குள் பிலோமி எழுந்து 1127-ஐ வாசித்தாள். ஒருமுறைகூடத் தாளைக் குனிந்து பார்க்காமல் வாசித்தாள். அதற்கப்புறம் உபதேசியார். அப்புறம் செபஸ்தியாள், சக்களத்தியின் வீட்டைப் பற்களைக் கடித்துக்கொண்டு அறை அறையாக வாசித்தாள். லாசர் பாதியில் நின்றுவிட்டார், பக்கத்து வீட்டுக்காரன் வந்து தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகு மிச்சத்தை முடித்தார். இரண்டு மணிக்கு முப்பத்தாறு தாள் திரும்பியிருந்தது. அறுபது புள்ளி இரண்டு. கோவில் மணியை யாரோ அடித்தார்கள். பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். நிலம் கிடைத்துவிட்டது.

அமலியும் சந்தியாகுவும் வெயிலில் வீட்டுக்கு நடந்தார்கள். வழியில் நாலு பேர் அவள் கையைப் பிடித்து, நீ எழுந்ததாலதான் எல்லாம் என்றார்கள். அவளுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. புருஷன் என்ன சொல்லப்போகிறான் என்பதிலேயே உயிரெல்லாம் நின்றது.

"மெசினு என்னத்தையாவது சொல்லும்," என்றான் அவன் கடைசியில். "பிலோமி பேச்ச ஒங்கிட்டச் சொல்லாம விட்டது தப்புதான். பெரிசாத் தெரியல அப்ப."

"இப்ப?"

"இப்ப என்ன. வா, பசிக்கி."

அவ்வளவுதானா என்று அமலிக்கு மூச்சு வந்தது. வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். மனது ஆறிக்கொண்டே வந்தது. புது ஊரில் வீடு எந்தப் பக்கம் வாங்கலாம் என்றுகூட யோசிக்க ஆரம்பித்திருந்தாள். சந்தியாகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அங்கேயே நின்றான்.

"மூத்தவனுக்கு எங்கப்பா பேருதான் வச்சிருப்பேன்," என்றான். "கஸ்பாரு."

அமலி வெங்காயத்தைத் தட்டில் வைத்தாள்.

"ரெண்டாவது பொம்பளப் பிள்ளன்னா, அம்மா பேரு. லூர்து."

அதோடு நிறுத்திவிட்டான். முக்கொடியில் மூன்றாவது பிள்ளைக்குப் பெண் வீட்டுப் பெயர்தான், மாமனார் பெயர். பிலோமியின் அப்பாவுடைய அந்தப் பெயரை அமலி வீட்டில் நின்று சொல்லக்கூடாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நல்ல மனுஷன். அந்த நல்ல குணம்தான் அமலியை எல்லாவற்றையும் விட அதிகமாகச் சுட்டது.

"மிக்கேல்," என்றாள் அவள்.

"ஆமா. மிக்கேலு."

பிறகு அவன் சுவரைப் பார்த்தபடி மூன்று பெயரையும் வரிசையாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தான், மெதுவாக, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் இடம் விட்டு. பதினைந்து வருடத்தில் அமலி என்ற பெயரை அவன் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை.